ஆடியில் தேடினால் மார்கழிப் பறவை கிடைக்குமா? கனிமவளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: வட்டார மேலாளர், கனிம, பெட்ரோலிய வளத் துறை, குவாசுலு-நட்டால், தென்னாப்பிரிக்கா

நகல்: மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரித்த ஆலோசகர்களுக்கும், மாகாணத்தின் எசெம்வெலோ வனவிலங்குப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

டண்டீக்கும் உட்ரெக்டுக்கும் நடுவே இயங்கிவரும் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தைப் பக்கத்துப் பண்ணை நிலங்களுக்கும் நீட்டிக்க அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அதற்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் வரைவை நூலகத்தில் 30 நாள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். போய் உட்கார்ந்து படித்தேன். தூசி, சத்தம், கல்லறைகள், வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். விலங்கு, பறவை, புல்வெளி பற்றிய பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். அதை இப்படியே ஏற்காமல் திருப்பி அனுப்புங்கள். ஒரு முழு ஆண்டின் பருவங்களையும் சேர்த்துக் களஆய்வை மறுபடி செய்யச் சொல்லுங்கள். இதுதான் என் கோரிக்கை. சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்று இந்த மடலில் வாதிடப் போவதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உங்களுக்கு வேண்டிய விவரமே இந்த அறிக்கையில் இல்லை.

இதே கருத்துகளைப் பாதிக்கப்படும் தரப்பினன் என்று பெயர் பதிவுசெய்து, ஆங்கிலத்தில் ஆலோசகர்களிடம் கொடுத்துவிட்டேன். தமிழிலும் எழுதுவது எங்கள் ஆட்களுக்காக. வடநட்டாலில் தமிழ் படிக்கிற வீடுகள் குறைந்துவிட்டன, ஆனால் இருக்கின்றன. அந்த வீடுகளில் யாரும் இந்தத் தடித்த அறிக்கையைத் திறந்து பார்க்கப் போவதில்லை. நம் அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எனவே இதையும் கோப்பில் சேர்த்துக்கொள்வதில் உங்களுக்குத் தடை எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன்.

நிலக்கரிக்கு நாங்கள் புதியவர்கள் இல்லை. 1860 நவம்பரில் மதராசிலிருந்து டுரூரோ கப்பல் வந்ததில் தொடங்கி, ஒப்பந்தக் கூலிகளாக இங்கே இறங்கியவர்களில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். ஒரு பகுதியினரை வடநட்டாலின் சுரங்கங்களுக்குள் இறக்கினார்கள். 1913 அக்டோபரில், ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கிய இந்தியர்மேல் போட்ட 3 பவுண்டு வரியை எதிர்த்து நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்களே, அவர்களிடம் போய்ப் பேசியவர்கள் அண்டை மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். காந்தியின் தோழர் தம்பி நாயுடு கூடவே இருந்தார். அடுத்த மாதம் எல்லையைத் தாண்டிப் போன ஊர்வலத்தில் ஆண்கள் 2,037, பெண்கள் 127, குழந்தைகள் 57 என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். போராட்டத்தின் நடுவிலும் ஒன்று விடாமல் எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள்.

நானும் ஒரு சுரங்கத்தின் நில அளவைப் பிரிவில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன்தான். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடியதும் இந்த ஊர்களில் கடைகளும் ரயில் நிலையங்களும் என்ன ஆயின என்பது தெரியும். வேலை கேட்டு நிற்கிற பையனிடம் போய், கொக்கைப் பார், ஆந்தையைப் பார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவன் பெயரைச் சொல்லி அரைகுறை ஆய்வை நகர்த்துவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

களஆய்வு ஜூலையில், ஒரே முறை நடந்திருக்கிறது. எங்கள் அம்மன் கோயில்களில் ஆடிக் கஞ்சி ஊற்றுகிற காலம் அது. தமிழ்நாட்டில் ஆடி என்றால் ஆற்றில் புதுவெள்ளம் வரும், ஆடிப் பட்டம் தேடி விதைப்பார்கள். இங்கே அதே ஆடியில் விடியற்காலைப் புல்மேல் உறைபனி கிடக்கும். மாதக்கணக்கில் மழை பெய்திருக்காது. வெல்ட் என்கிற திறந்த புல்வெளி முழுக்க வைக்கோல் நிறத்தில் காய்ந்து நிற்கும். காட்டுத்தீ பரவாமலிருக்கப் பண்ணைக்காரர்கள் வேலியோரமெல்லாம் எரித்து வைத்திருப்பார்கள். அறிக்கையின் பின்னிணைப்பில் உள்ள படங்களிலேயே தரை கருகிக் கிடக்கிறது. அந்தக் கருகிய தரையில் நின்றுகொண்டு, புல் ஆந்தை காணப்படவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். எப்படிக் காணும்?

ஆப்பிரிக்கப் புல் ஆந்தை மரத்தில் கூடு கட்டுகிற பறவை இல்லை. உயரமாக அடர்ந்த புல்லுக்குள், பெரும்பாலும் ஈரநிலத்தின் ஓரமாக, புல்லை வளைத்துக் குகைபோல் வழி செய்து, அதன் முடிவில் தரையிலேயே முட்டையிடும். பகல் முழுதும் உள்ளேயே இருக்கும். இருட்டிய பிறகுதான் எலி பிடிக்க வெளியே வரும். கோடையின் பிற்பகுதியில், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, புல் முழு உயரத்துக்கு வளர்ந்து நிற்கும்போதுதான் பெரும்பாலான கூடுகள் இருக்கும். இதைத் தேட வேண்டுமென்றால் அந்த மாதங்களில் வர வேண்டும். அந்தி சாய்ந்த பிறகும் நின்று பார்க்க வேண்டும், காது கொடுத்துக் கேட்க வேண்டும். அறிக்கையில் இரவுக் களப்பணி என்று ஒரு வரிகூட இல்லை. நம் நாட்டின் சிவப்புப் பட்டியலில் இது அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம். அதற்குக் கிடைத்தது பகல் வெளிச்சமும் எரிந்த நிலமும்.

கொக்குகளின் கதை இன்னும் சிக்கல். இந்த நாட்டில் மூன்று இனப் பெருங்கொக்குகள் இருக்கின்றன. சாம்பல் நிற உடலும் தலையில் பொன்னிறக் கொண்டையும் உள்ளது ஒன்று. சூலு மொழியில் உனோஹெமு என்பார்கள். உலக அளவிலேயே அருகிவரும் இனம். அது மழைக்காலத்தில், கோரையும் நாணலும் நீரில் நிற்கிற ஈரநிலத்தில் கூடு கட்டும். குளிர்காலம் வந்ததும் கூடிருந்த இடத்தை விட்டு விலகிக் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடுகளில் சிந்திய மணிகளைப் பொறுக்கும். ஆகையால் ஜூலையில் வருகிறவர் கொக்கைப் பார்த்தாலும் தப்பான இடத்தில்தான் பார்ப்பார். இந்த அறிக்கையில் அதேதான் நடந்திருக்கிறது. விரிவாக்க எல்லைக்கு வெளியே, சோளக்காட்டில் கொண்டைக் கொக்குகள் இருந்ததாக ஒரு குறிப்பு உண்டு. அவை இந்தத் திட்டத்தால் பாதிக்கப்படா என்று அடுத்த வரி. அவை முட்டையிடுவது எந்த ஈரநிலத்தில் என்று யாரும் கேட்கவில்லை. எல்லைக்குள்ளே இரண்டு ஈரநிலங்கள் இருக்கின்றன, அறிக்கையின் சொந்த வரைபடத்திலேயே.

நம் தேசியப் பறவையான நீலக் கொக்கும் கோடையில்தான் புல்வெளித் தரையில் முட்டையிடுகிறது. மூன்றாவதான வாட்டில்டு கொக்கு இதற்கு நேர் எதிர். அது பெரும்பாலும் குளிர்காலத்தில் அடைகாக்கும். ஜூலையையும் விட்டுவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். கோடையில் வா என்று மட்டும் சொன்னால் வேறு சிலவற்றைத் தவறவிடுவோம். முழு ஆண்டு என்று நான் கேட்பதன் காரணம் இதுதான். பாறைச் செங்குத்துகளில் குளிர்கால முடிவில் கூடு கட்டி, எரிந்த புல்வெளியில் இரை தேடும் மொட்டைத்தலை அரிவாள்மூக்கனும் அப்படித்தான். தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, எஸ்வாதினி ஆகிய மூன்று நாடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. கூடு இருக்கும் பாறை சுரங்கத்துக்குத் தொலைவில் இருக்கலாம். தீனி?

ஓரிபி மான் ஒன்றைத்தான் குளிர்காலத்தில் ஓரளவு எளிதாகக் கண்டுபிடிக்கலாம். ஆட்டுக்குட்டி அளவுள்ள சிறிய மான். ஆள் நெருங்கி வரும்வரை புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும். எரிந்த நிலத்தில் புதுத் தளிர் வந்தால் அதை மேய வெட்டவெளிக்கு வரும். இந்த ஆய்வாளர்கள் தளிர் வருவதற்கு முன்பே திரும்பிவிட்டார்கள். ஆக அதுவும் போயிற்று.

செடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், என் படிப்பு அதில் குறைவு. சூலு வைத்தியர்கள் தோண்டி எடுக்கும் இன்கோம்ஃபே கிழங்கும், அன்னாசிப் பூப்போல் தலையில் கொத்துக் கட்டும் யூகோமிசும் கோடையில்தான் இலையும் பூவுமாக நிற்கும். குளிரில் தரைக்குமேல் ஒன்றும் இருக்காது. பழைய புல்வெளியின் உயிர் பெரும்பாலும் மண்ணுக்குள் கிழங்காகவும் வேர்த்தண்டாகவும் இருக்கிறது. மேலே பார்த்து எண்ணுகிறவர் அதில் பாதியைக்கூட எண்ண முடியாது.

இதற்கு நடுவே ஒரு வேடிக்கை. ரட் வானம்பாடி இங்கே இருக்க வாய்ப்புண்டு என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். அது வாக்கர்ஸ்ட்ரூம் பக்கத்து உயர்ந்த பீடபூமியில், குட்டைப் புல் உள்ள மேடுகளில் வாழ்கிற பறவை. இந்த நிலமோ கீழே, பள்ளத்தாக்கின் உயரத்தில் இருக்கிறது. வேறு ஏதோ ஊருக்கு எழுதிய பட்டியல் அப்படியே இங்கே வந்து உட்கார்ந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். நிரூபிக்க முடியாது, விடுங்கள்.

2014ஆம் ஆண்டின் மதிப்பீட்டு விதிகள், நிபுணரின் அறிக்கையில் களஆய்வின் கால அளவு, தேதி, பருவம் ஆகியவற்றையும், அந்தப் பருவம் முடிவுகளை எப்படிப் பாதிக்கிறது என்பதையும் எழுதியே ஆக வேண்டும் என்கின்றன. 2020 அக்டோபரில் வந்த விலங்கினங்களுக்கான நெறிமுறையும் அதையே சொல்கிறது. இந்த அறிக்கையில் தேதி இருக்கிறது. குளிர்காலம் என்பதும் இருக்கிறது. அதனால் முடிவு எப்படி மாறக்கூடும் என்ற இடத்தில், பெரிய வேறுபாடு இராது என்ற பொருளில் ஒரு வாக்கியம். காரணம் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், திருப்பி அனுப்ப இந்த ஒரு வாக்கியமே போதும்.

ஆனால் இந்தத் தவறு ஆய்வாளரின் சோம்பலால் மட்டும் வந்தது என்று நான் நினைக்கவில்லை. முறையிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. நம் நாட்டில் எந்தத் திட்டத்துக்கும் முதலில் தேசிய வடிகட்டும் கருவி என்ற இணைய வரைபடத்தில் நிலத்தைக் குறித்துப் பார்க்கிறார்கள். ஒவ்வோர் இனத்துக்கும் அந்த நிலம் மிக உயர்ந்த, உயர்ந்த, நடுத்தரமான, குறைந்த என்ற நான்கில் ஒரு முக்கியத்துவம் பெறும். 2002க்குப் பிறகு யாராவது அந்த உயிரை அங்கே பார்த்துப் பதிவு செய்திருந்தால் உயர்ந்தது. பதிவு இல்லை, ஆனால் வாழ்விடம் பொருந்துகிறது என்றால் நடுத்தரம். நடுத்தரமானால் நிபுணர் ஒருவர் நிலத்துக்குப் போய், உயிர் இருக்கிறதா என்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும். கண்டால் முழு ஆய்வு. காணாவிட்டால், இருக்க வாய்ப்பில்லை என்று அவர் கருதினால், ஒரு சிறிய இணக்க அறிக்கையோடு வேலை முடிந்தது.

இதை இந்த நிலத்துக்குப் பொருத்திப் பாருங்கள். தனியார் பண்ணைகள், பூட்டிய கேட்டுகள். பறவைகளைப் பதிவிடுகிறவர்கள் சாலையோரம் காரை நிறுத்தித் தொலைநோக்கியில் பார்த்ததுதான் பதிவு. 2007 முதல் நடந்துவரும் தென்னாப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்தில் நாட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஆர்வலர்கள் பட்டியல் அனுப்புகிறார்கள், அருமையான வேலை. ஆனால் ஆர்வலர்கள் வாக்கர்ஸ்ட்ரூமுக்குப் போவார்கள், பூங்காக்களுக்குப் போவார்கள். கரித்தூள் பறக்கும் சாலைக்கு ஞாயிற்றுக்கிழமை யார் வருகிறார்? ஆக யாரும் பார்க்காததால் நடுத்தரம். நடுத்தரம் என்பதால் ஒரே ஒரு தடவை போனால் போதும் என்று ஆகிறது. அதுவும் ஜூலையில் போவதால் எதுவும் காணவில்லை. காணாததால் இல்லை என்று பதிவு. நாளைக்கு அடுத்த விரிவாக்கம் வரும்போது இதே பதிவை மேற்கோள் காட்டுவார்கள்.

வரைபடம் என்று சொன்னதும் என் பழைய தொழில் நினைவுக்கு வருகிறது. சுரங்க வரைபடத்தில் எல்லைக்கோடு போடுவது எங்கள் பிரிவின் வேலை. அந்தக் கோடு எதற்கு? எந்த நிலத்துக்கு உரிமை, எங்கே தோண்டலாம் என்பதற்கு. காட்டுயிருக்கு என்ன ஆகும் என்று அறிய அந்தக் கோடு உதவாது. இந்த அறிக்கை அதே கோட்டையே ஆய்வின் எல்லையாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் ஒரு மெல்லிய பட்டையை மட்டும் கூட்டி. வெடியின் அதிர்வு கோட்டில் நிற்காது. இரவு முழுக்க எரியும் விளக்குகளின் வெளிச்சமும் நிற்காது. விரிவாக்கத்துக்கென்று புதிய மின்கம்பி வரிசை ஒன்று வரப்போகிறது. அது பொறியியல் பகுதியில் இருக்கிறது, பறவைகள் பகுதியில் இல்லை. இந்த நாட்டில் கொக்குகள் சாவதற்கு மின்கம்பியில் மோதுவது முக்கியமான காரணங்களில் ஒன்று என்பது பறவை படித்த எவருக்கும் தெரியும். ஈரநிலத்திலிருந்து சோளக்காட்டுக்கு, விடிந்தும் விடியாத பனிமூட்டத்தில் தாழப் பறக்கும் கனமான பறவை கம்பியைக் கண்டு விலகுவது கடினம். இரண்டு பகுதிகளையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தார்களா? அப்புறம் லாரிகள். ஆர்33 சாலையில் இப்போதே இரவில் எத்தனை ஓடுகின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாலையோரப் புல்லில் எலி தேடும் ஆந்தைக்கு அது என்ன செய்யும் என்பது அறிக்கையில் வரவேண்டிய ஒன்று.

இன்னொரு தந்திரமும் உண்டு. விரிவாக்கம் என்பதால், ஏற்கெனவே கெட்ட நிலத்தின் பக்கத்தில்தானே என்று தாக்கத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். முதல் குழிக்கு அனுமதி கேட்டபோது, சுற்றிலும் இவ்வளவு நல்ல புல்வெளி மிச்சமிருக்கிறதே, இது சிறு பகுதிதானே என்றார்கள். இப்போது அந்த மிச்சத்தைத் தோண்டும்போது, பக்கத்தில் சுரங்கம் இருப்பதால் இதன் மதிப்புக் குறைவு என்கிறார்கள். ஒரே நிலத்துக்கு இரண்டு தராசு. கூட்டுத் தாக்கத்தை மதிப்பிடு என்று விதி இருக்கிறது. அதற்கு ஒதுக்கியிருப்பது அரைப் பக்கம்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கொக்கும் தவளையும் ஆந்தையும் கடைசியில் தண்ணீரைத்தான் நம்பியிருக்கின்றன. இந்தச் சரிவுகளில் உள்ள ஈரநிலங்கள் ஆற்றால் நிரம்புபவை அல்ல. மேட்டில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, அடியில் உள்ள இறுகிய களிமண்ணையோ பாறையையோ தொட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவின் கீழே கசிந்து வருகிறது. கோடை மழையைக் குளிர்காலம் வரை மெல்ல விடுகிற ஏற்பாடு அது. மேட்டை வெட்டிக் குழியாக்கி, குழி நிரம்பாமலிருக்க நீரை இறைத்துக்கொண்டே இருந்தால், அந்தக் கசிவு குழிக்குள் போய்விடும். ஈரநிலத்தை ஒரு மண்வெட்டி தொடாது. சுற்றி வேலிகூடப் போடலாம். அது பாட்டுக்குக் காய்ந்துபோகும். அறிக்கை அந்த இரண்டு ஈரநிலங்களையும் தவிர்க்கப்பட்டவை என்ற வரிசையில் சேர்த்திருக்கிறது.

சுரங்கம் மூடிய பிறகு கதை வேறு. கரியோடு சேர்ந்திருக்கும் பைரைட் என்ற கனிமம், காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலமாக மாறும். உடைத்து நிரப்பிய கற்குவியலுக்குள் மழைநீர் முன்னைவிட வேகமாக இறங்கும். ஆண்டுகள் கழித்து, குழி நிரம்பித் தாழ்ந்த இடத்தில் செம்மஞ்சள் நிறத்தில் வெளியே வழியும். டண்டீயையும் ஃப்ரைஹெய்டையும் சுற்றி இதை நாங்கள் கண்ணால் பார்த்து வளர்ந்தோம். கைவிடப்பட்ட, உரிமையாளர் இல்லாத சுரங்கங்கள் நாடு முழுக்கச் சுமார் 6,000 என்று தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கைகளே சொல்கின்றன. இங்கிருந்து போகும் நீர் பஃபலோ ஆற்றில் சேர்ந்து துகேலாவுக்குப் போகிறது. 2021 டிசம்பர் 24 அன்று சூலுலாந்தில் ஒரு சுரங்கத்தின் கழிவுக் குட்டை உடைந்து கரிச்சேறு கருப்பு உம்ஃபொலோசி ஆற்றில் கலந்தது. அந்த ஆறு நேரே ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி பூங்காவுக்குள் ஓடுகிறது. அந்தக் குட்டை எந்த வரைபட எல்லைக்குள் இருந்தாலும் சேறு எல்லையைக் கேட்டுக்கொண்டு போகவில்லை.

இழப்பை ஈடுகட்டுவோம் என்கிறது அறிக்கையின் கடைசி அத்தியாயம். மேல்மண்ணைத் தனியாக எடுத்துவைத்துத் திரும்பப் பரப்பி, புல் விதைத்து, ஓரிபி இருந்தால் பிடித்து வேறு இடத்தில் விடுவார்களாம். சுரங்கம் மூடி விதைத்த நிலங்களைப் போய்ப் பாருங்கள். தூரத்தில் பார்த்தால் பச்சை; கிட்டப் போனால் மாட்டுத் தீவனப் புல் இரண்டு மூன்று வகை. மாடு மேய நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிழங்குச் செடிகள் திரும்புவதில்லை. பழைய புல்வெளி ஒருமுறை புரட்டப்பட்டால் நம் ஆயுளில் பழைய நிலைக்கு வராது என்பதைப் புல்வெளி ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஈட்டு நிலம் ஒதுக்குவதற்கான தேசிய வழிகாட்டி 2023இல் வந்தது. முதலில் தவிர், பிறகு குறை, பிறகு சீர்செய், எல்லாம் செய்தும் மிஞ்சுகிற இழப்புக்கு மட்டும் ஈடு கொடு என்பதே அதன் வரிசை. எதை இழக்கிறோம் என்று எண்ணாமலே எவ்வளவு ஈடு என்று எப்படிச் சொல்வது? ஆய்வுப் பகுதியில் பூஜ்யம், ஈட்டுப் பகுதியில் பெருந்தன்மை. அளந்து கணக்கெழுதியே பழகிய எனக்கு இது உறுத்துகிறது.

காலக்கெடு போதாது என்று ஆலோசகர்கள் சொல்வார்கள் என்பது தெரியும். விண்ணப்பம் ஏற்றபின், எதையெல்லாம் ஆராய்வது என்று சொல்லும் வரையறை அறிக்கைக்கு 44 நாள், அது ஒப்புக்கொள்ளப்பட்டபின் மதிப்பீட்டு அறிக்கைக்கு 106 நாள். இரண்டையும் கூட்டினாலும் ஒரு வருடம் ஆகாது, உண்மைதான். ஆனால் விண்ணப்பம் கொடுக்கும் தேதியைத் தேர்ந்தெடுப்பவர் விண்ணப்பதாரர். அதற்கு ஓராண்டு முன்பே களப்பணியைத் தொடங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இங்கே கரிப் படிவு இருப்பது அவர்களுக்கு நேற்றுத் தெரிந்த செய்தி இல்லை; துளைபோட்டுப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிறது. கரியை எண்ணப் பொறுமை இருந்தது.

முன்னுதாரணங்கள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நம் மாகாணக் கடலோரத்துச் செயின்ட் லூசியாவின் கிழக்குக் கரை மணல்மேடுகளில் டைட்டானியம் எடுக்கும் திட்டம் வந்தபோது, மதிப்பீட்டு அறிக்கை சுரங்கம் நடத்தலாம் என்றே சொன்னது. நீதிபதி ரமோன் லியோன் தலைமையிலான பரிசீலனைக் குழு அதை எடுத்துப் பார்த்து, வேண்டாம் என்றது. 1996இல் அரசு சுரங்கத்தை மறுத்தது. 1999இல் அந்த இடம் நாட்டின் முதல் உலக மரபுச் சின்னங்களில் ஒன்றாயிற்று. தடிமனான அறிக்கை வந்துவிட்டால் தலையாட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. வாக்கர்ஸ்ட்ரூம் பக்கத்து மபோலா பகுதியை 2014இல் பாதுகாக்கப்பட்ட சூழலாக அறிவித்தார்கள். இரண்டு அமைச்சர்கள் அதற்குள் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 2018 நவம்பரில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மக்களுக்குச் சொல்லாமலே முடிவெடுத்தது அங்கே பெரிய குறையாயிற்று.

ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி பூங்காவின் எல்லையோரத்துச் சோம்கேலே சுரங்க விரிவாக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1895இல் அறிவிக்கப்பட்ட பூங்கா அது. தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம் ஒரு காலத்தில் உலகில் மிஞ்சியிருந்தது அங்கேதான். அந்த விரிவாக்கத்தை எதிர்த்துப் பேசிவந்த ஃபிகிலே ந்ட்சாங்காசே என்ற பெண்மணியை 2020 அக்டோபரில் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். 2022 மே மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றம், அந்தச் சுரங்க உரிமை கொடுக்கப்பட்ட விதம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு இந்த மாகாணத்தில் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கை தூக்கிப் பேசுவது லேசான காரியம் இல்லை. எங்கள் ஊர்க் கூட்டத்திலும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சூலுப் பெரியவர்கள் வாய் திறக்கவில்லை. கொக்கு எங்கே முட்டையிடுகிறது என்று அவர்களில் ஒவ்வொருவருக்கும் தெரியும், மாடு மேய்த்தவர்கள். ஆட்சேபம் எதுவும் எழவில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதியிருப்பதை நீங்கள் அந்த மனநிலையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். புதிய ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் அவர்களை வீட்டில் போய்ப் பார்க்கட்டும், சூலு பேசத் தெரிந்த ஒருவரோடு.

ஆகவே நான் கேட்பவை இவை. கோடையின் தொடக்கத்திலும் பிற்பகுதியிலும், குளிர்கால நடுவிலும், புதுத் தளிர் வரும் வசந்தத்திலும் களஆய்வு நடக்க வேண்டும். இரவு வேலையும் தானியங்கிக் கேமராக்களும் அதில் இருக்க வேண்டும். ஆய்வின் எல்லையை நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதைப் பார்த்து வரையட்டும். மின்கம்பியும் லாரிப் பாதையும் உள்ளே வரட்டும். பழைய குழி, இந்தக் குழி, அக்கம்பக்கத்தில் விண்ணப்பம் நிலுவையில் உள்ள குழிகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து மதிப்பிடச் சொல்லுங்கள். எசெம்வெலோவின் கருத்து எழுத்தில் வரும்வரை முடிவெடுக்காதீர்கள். நிபுணருக்குக் கூலி கொடுப்பவர் விண்ணப்பதாரர் என்பது சட்டத்தின் ஏற்பாடு, அதை மாற்ற உங்களால் முடியாது. ஆனால் அவர் அறிக்கையை வேறொரு நிபுணரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, நம் அறிவின் எல்லைகளைக் கணக்கில் கொண்டு எச்சரிக்கையாக நட என்று உங்கள் துறைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது.

இதையெல்லாம் செய்தபிறகு, அந்த ஈரநிலங்களில் கொக்கும் இல்லை ஆந்தையும் இல்லை என்று தெரியவந்தால், என் ஆட்சேபத்தின் இந்தப் பகுதியை நானே எழுத்து மூலம் திரும்பப் பெறுவேன்.

கடைசியாக, நடைமுறை சார்ந்த ஒரு வேண்டுகோள். உங்கள் முடிவுக்கு எதிராகச் சுற்றுச்சூழல் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்ய எங்களுக்கு 20 நாள்தான் இருக்கும். நிர்வாக நீதிச் சட்டத்தின்படி காரணம் கேட்டுத் தனியாக எழுதி, பதில் வருவதற்குள் அந்த 20 நாள் கடந்துவிடும். எனவே முடிவு எதுவானாலும், களஆய்வின் பருவம் பற்றிய ஆட்சேபத்துக்கு நீங்கள் தரும் பதிலையும் காரணத்தையும் முடிவோடு சேர்த்தே அனுப்புங்கள். ஆங்கிலத்தில் அனுப்பினால் போதும். எங்கள் ஆட்களுக்கு நான் தமிழில் எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுரங்க நில அளவைப் பணியாளர் ஒருவர்
டண்டீ, குவாசுலு-நட்டால்